இராசமணிக்காக நாங்கள் விட்ட மூச்சு

சுகந்தியின் கடிதம் போன கிழமை வந்தது. நான் தீவு ஆஸ்பத்திரியில் வேலை செய்த கடைசி வருடத்தில், பயிற்சி முடித்துப் புதிதாக வந்த தாதி அவள். இப்போது யாழ்ப்பாணத்தில் பெரிய வாட்டு ஒன்றில் இருக்கிறாள். தங்கள் வாட்டுக்குச் சுவாச இயந்திரம் ஒன்று வரப்போகிறது என்றும், இனி நோயாளிக்குக் கையால் காற்று அடிக்க வேண்டியிராது என்றும் எழுதியிருந்தாள். தாதிமார் சேர்ந்து ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். "அக்கா, இராசமணியின்ரை கதையை நீங்கள் எழுதித் தாங்கோ. இஞ்சை புதுசா வந்த பிள்ளையள் நான் சொன்னால் நம்பினமில்லை. ஓய்வு பெற்ற ஆக்களின்ரை பக்கத்திலை போடுவம்."

ஓய்வு பெற்ற ஆக்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. வேலணையில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது. கணவர் தெற்கே ஒரு நகரத்தில் கடை வைத்திருக்கிறார்; வருடத்தில் இரண்டு மூன்று தரம் வந்துபோவார். மகள் பிறந்தபோது பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று வேலையை விட்டேன். பிரியாவிடை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வள்ளம் ஏறினேன். அதற்குப் பெயர் ஓய்வுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுகந்தியின் கடிதத்தை வாசித்த பிறகு, மகளின் போத்தல் கழுவ வைத்த சுடுதண்ணீர் ஆறிப்போகும்வரை குசினிக்குள் சும்மா நின்றேன். பிறகு திரும்பவும் அடுப்பை மூட்டவேண்டி வந்தது.

தீவின் பெயரை எழுதவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் போகவேண்டிய தீவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இராசமணி என்பதும் நான் வைத்த பெயர்தான். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அவளிடம் கேட்காமல் எழுதுகிறேன் என்ற உறுத்தல் எனக்குப் போதும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் கட்டில் விரிப்பின் மூலை மடிப்பதும், ஊசி அவிப்பதும், சிஸ்டரின் செருப்புச் சத்தத்துக்குப் பயப்படுவதுமாகப் போனது. நான் நல்ல மாணவி. சொன்னதைச் சொன்னபடி செய்வேன். செய்த பிறகு சரியாகத்தான் செய்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டிய மருந்து அலுமாரியை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறவள் என்று கூட இருந்த பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அந்தக் குணத்தோடுதான் எழுபதுகளின் கடைசியில் தீவுக்குப் போனேன்.

பதின்நான்கு கட்டில், ஒரு பிரசவ அறை, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி. அங்கே எனக்கு மேல் இருந்தவர் டொக்டர் சிவகாமி. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க ஆசைப்பட்டவரைத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. வெளிநாட்டில் இருந்த அவருடைய தமையன் தடித்த சஞ்சிகைகளை அனுப்புவார். அவை உப்புக் காற்றில் வீங்கி, மேசையில் மூடாமல் விரிந்து கிடக்கும்.

டொக்டர் யாரையும் பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். நாம் ஒன்றைச் சொல்லி முடித்தால், "பிறகு?" என்று கேட்பார். காய்ச்சல் நூற்றிரண்டு என்றால், "பிறகு?" ஈரத்துணி வைத்தேன் என்றால், "பிறகு?" நாம் செய்யாமல் விட்டது வெளியே வரும்வரை அந்த ஒரு சொல் போதும். முதல் மாதம் அந்தச் சொல்லுக்காகவே அழுதேன்.

அவர் தன் பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று கறுப்பு றப்பர்ப் பை. ஒரு கை அடங்கும் அளவு. அமுக்கினால் காற்று போகும், விட்டால் தானாக நிமிரும். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதை எடுத்து, வாயை உள்ளங்கையால் அடைத்து, அமுக்கிப் பார்க்கவேண்டும். காற்று எங்கேயாவது ஒழுகினால் கன்னத்தில் வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றரை வருடம் அந்தப் பையை ஒருவருக்கும் பாவிக்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல் அமுக்கிப் பார்த்தேன்.

இராசமணி வந்தது மார்கழி மாதம். இரண்டு நாளாக வாடைக்காற்று. வள்ளம் இல்லை. காலை ஏழு மணியளவில், புருசன் நாகேசு அவளைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும், மூன்று பிள்ளைகளின் தாய்.

"என்ன செய்யுது?"

"வயித்துக்குத்து, மிஸி. விடியத் துவங்கினது. ரெண்டு தரம் சத்தி எடுத்தவ," என்றார் நாகேசு.

டொக்டர் வர எட்டு மணியாகும். அதுவரை வெளி வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, சின்ன வருத்தம் எது, பெரிய வருத்தம் எது என்று பிரிப்பது என் வேலை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. நாடி நன்றாக இருந்தது. முதல்நாள் யாரோ வீட்டில் சாப்பாடு; அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பெரிய கண்ணாடிப் போத்தலில் இருந்த வயிற்று மருந்தில் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்து, "இதிலை இருங்கோ, டொக்டர் வந்திடுவா" என்று சொல்லிவிட்டு, காலில் ஆணி ஏறிய ஒரு கிழவரைப் பார்க்கப் போனேன்.

அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்தபோது இராசமணி சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"நித்திரை வருகுதோ?"

"நித்திரை இல்லை, மிஸி. கண்ணைத் திறக்க ஏலாமக் கிடக்கு."

சொல் குழறியது. இமைகள் பாதியில் நின்றன. அவள் பார்ப்பதற்காக முகவாயை மேலே தூக்கினாள். அந்தத் தலை தூக்கலைக் கண்டதும் இது வெறும் வயிற்றுக்குத்து இல்லை என்று விளங்கியது. டொக்டரின் வீட்டுக்கு நானே ஓடினேன்.

டொக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இரவு எங்கை படுத்தனீங்கள்?"

"நிலத்திலை, பாயிலை."

"ஏதும் கடிச்ச மாதிரி?"

"இல்லை. எறும்பு கடிச்ச மாதிரி ஒருக்கா. பாத்தன், ஒண்டும் இல்லை."

எட்டடி விரியன்; கட்டுவிரியன் என்றும் சொல்வார்கள். கடித்த இடம் வீங்காது, நோகாது. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாது. மழை நாளில் வீட்டுக்குள் வந்து, நித்திரையில் இருப்பவர்களைக் கடித்துவிட்டுப் போகும். விடிய வயிற்றுக்குத்து வரும். அது எனக்குப் பாடத்தில் படிப்பித்த விஷயம். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

விஷமுறிப்பு ஊசியை ஏற்றினோம். நாகம் கடித்தவர்களுக்குக் கண்ணைத் திறக்கவைக்கும் ஊசியையும் டொக்டர் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிக்கு அவளால் துப்பலை விழுங்க முடியவில்லை. பதினொன்றுக்குத் தலையணையில் இருந்து தலை எழும்பவில்லை. டொக்டர் குனிந்து, "இராசமணி, கேக்குதெண்டால் கால் பெருவிரலை ஆட்டுங்கோ" என்றார். பெருவிரல் ஆடியது. "பயப்படாதேங்கோ. உங்களுக்கு மூச்சு நாங்கள் விடுவம்." பிறகு தொண்டைக்குள் குழாயை விட்டார். நான் கறுப்புப் பையை அதில் பொருத்தினேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணி அமுக்கவேண்டும். நெஞ்சு எழும்புவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். மூன்று, நான்கு, ஐந்துக்கு விடவேண்டும். பை நிமிரும்வரை பொறுக்கவேண்டும். ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. குழாய்க்குள் சளி கரகரத்தால் காலால் மிதிக்கும் பம்பில் உறிஞ்சி எடுக்கவேண்டும். இமை மூடாதபடியால் கண் காய்ந்துபோகும். ஈரப் பஞ்சு வைக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் புரட்டவேண்டும். மூக்கால் விட்ட குழாயில் கஞ்சித் தண்ணீர். இவ்வளவும் செய்யும்போது பையை அமுக்கும் கை நிற்கக்கூடாது.

பகல் கடந்தபோது பெருவிரலும் ஆடவில்லை.

அப்போதுதான் நான் டொக்டரிடம் சொன்னேன். கட்டிலின் இந்தப் பக்கம் நான் பையோடு, அந்தப் பக்கம் அவர் நாடி பிடித்தபடி.

"டொக்டர், இவ ஏழு மணிக்கே வந்திட்டா. நான் வயித்து மருந்து குடுத்து வாங்கிலை இருத்திப்போட்டன். அரை மணித்தியாலம் பார்க்கேல்லை."

"பிறகு?"

"பிறகுதான் ஓடி வந்தனான்."

"குறிப்பிலை எழுதும்."

"என்னெண்டு எழுத?"

"நடந்ததை. வந்த நேரம், நீர் குடுத்த மருந்து, நான் பார்த்த நேரம்."

"அரை மணித்தியாலம் முந்திப் போட்டிருந்தால் இப்பிடி வந்திராதோ?"

"தெரியாது," என்றார். "வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எண்ணிக்கையை விடாதையும், நீர் கெதியா அமுக்கிறீர்."

மாலையில் விறாந்தையில் சனம் கூடிவிட்டது. நாகேசுவின் தமையன் அருளம்பலம் முன்னுக்கு நின்றார். தெற்கே கடை வைத்து, ஊருக்கு வந்துபோகிறவர். ஊரில் குளம் தூர்வாரும் வேலைகளையும் அவர்தான் எடுத்து நடத்துவார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"டொக்டர், விஷம் தலைக்கு ஏறிட்டுதோ?"

"தலைக்குப் போகேல்லை. மூளைக்கு ஒண்டும் இல்லை, இருதயத்துக்கும் ஒண்டும் இல்லை. நரம்பு போய்த் தசையைத் தொடுற இடத்திலைதான் பிழை." டொக்டர் படியில் இருந்தார். "நீங்கள் குளம் தூர்வாரேக்கை ஆக்களை வரிசையா நிப்பாட்டுவியள்தானே. மண் கடகம் கைமாறி மேலை வரும். கொட்டின பிறகு வெறுங்கடகம் என்ன செய்யும்?"

"திரும்பக் கீழை போகும்."

"போகாட்டி?"

"வேலை நிண்டிடும்."

"அதுதான் இது. நரம்பின்ரை நுனியிலை கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பை ஆயிரக்கணக்கிலை இருக்கு. ஒவ்வொண்டுக்குள்ளையும் ஒரு திரவம். மூளை 'இழு' எண்டு சொன்னால், அந்தப் பையள் சுவரோடை ஒட்டி வெடிச்சுத் திரவத்தைத் தசையிலை கொட்டும். தசை இழுக்கும். பிறகு அந்த வெறும் பைத்தோலை உள்ளுக்கு இழுத்து, கிள்ளி எடுத்து, திரும்பப் பையாக்கி நிரப்ப வேணும். அதைச் செய்யிறதுக்கெண்டே சில புரதங்கள் இருக்கு. ஒண்டு கடகம் மாதிரியே பின்னிக்கொண்டு பையைச் சுத்தி வரும், அதைக் கண்டுபிடிச்சிட்டினம். மற்றதுகள் என்ன, எது எதுக்குக் கட்டளை போடுது எண்டு இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கினம். இந்தப் பாம்பின்ரை விஷமும் ஒரு புரதம்தான். அது போய் நுனியிலை குந்திக்கொண்டு எல்லாப் பையையும் கொட்டப் பண்ணிப்போட்டு, ஒண்டையும் திரும்ப எடுக்க விடாது."

"அப்ப கடகம் முடிஞ்சுது எண்டுறியள்."

"ஓம். ஆள் இருக்கு, மண் இருக்கு, கடகம் இல்லை. நரம்பு தானாப் புதுசு இழைக்கும். அதுக்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் அவவுக்கு நாங்கள் மூச்சு விடவேணும்."

"எத்தினை நாள்?"

"தெரியாது."

கூட்டத்தில் ஒரு பெண், "ஒரு கடகம் இழைக்கவே ரெண்டு நாள் செல்லுமே" என்றாள்.

டொக்டர் பின்னர் எனக்கு ஒரு சஞ்சிகையை விரித்துக் காட்டினார். நரம்பு நுனியின் படம். ஒன்றில் மீன்சினை போல உருண்டை உருண்டையாக நிறைந்திருந்தது. பக்கத்துப் படத்தில் அதே நுனி, விஷம் பட்டது; உள்ளே ஒன்றும் இல்லை. உறவுக்காரர் எல்லாம் எழும்பிப் போன கலியாணப் பந்தல் மாதிரிக் கிடந்தது. அந்த இரண்டாவது படத்தை ஆறு நாளும் மறக்க முடியவில்லை. பையை அமுக்கும்போதெல்லாம் அந்த வெறும் இடத்துக்குள் ஓர் உருண்டையாவது வந்திருக்குமா என்று நினைப்பேன்.

தாதிமார் இரண்டு பேர், அற்றென்டன் பொன்னம்மாக்கா, டொக்டர். நாலு பேரால் எத்தனை நாள் அமுக்க முடியும்? இரண்டாம் நாள் காலை டொக்டர் ஊராட்களைக் கூப்பிட்டார். சுவரில் நேர அட்டவணை ஒட்டினேன். இருபது நிமிடத்துக்கு ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு தலையணையில் பையை வைத்துப் பழக்கினேன்.

கடலுக்குப் போகும் ஆட்கள் வலுவாக அமுக்கினார்கள். பொன்னம்மாக்கா ஒருவரின் கையில் தட்டினார். "எட தம்பி, இது துடுப்பில்லை. நீ வலிக்கிற வலிப்பிலை அவ எழும்பி இந்தியாவுக்குப் போயிடுவா."

"நீங்கள்தானே அக்கா நெஞ்சு எழும்பவேணும் எண்டனீங்கள்."

"நெஞ்சுதான் எழும்ப வேணும். கட்டில் இல்லை."

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் அந்த நாட்கள் போயின. கட்டிலைச் சுற்றி ஊர்க்கதை நடந்தது. மாப்பிள்ளை பார்க்கும் கதை, வள்ளக்காரரின் சண்டை. பொன்னம்மாக்கா தன் முறை வரும்போது இராசமணியைப் பற்றியே அவளுக்கு மேலாகக் கதைத்தார். "நல்ல பெட்டைதான். ஆனா என்ரை முருங்கையிலை பத்துக் காய் பிடுங்கினவள். கேட்டால் காத்துக்கு விழுந்ததாம்." இப்படி அசையாமல், கண்ணில் பஞ்சோடு கிடக்கும் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எவருக்கும் தோன்றவில்லை. டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை நினைவில் வைத்திருப்பது வேறு.

மூன்றாம் நாள்தான் கடினமான நாள். காலையில் பஞ்சை எடுத்துக் கண்ணில் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணியும் விரிந்து, கறுத்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றன. பயிற்சியில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் சொல்லித் தந்திருந்தார்கள். டொக்டரிடம் ஓடினேன். "அந்தக் கண்மணியைச் சுருக்கிற நரம்பும் இதே மாதிரி நரம்புதான். அதை வைச்சு முடிவு எடுக்காதையும்," என்றார். ஆனால் அவரும் வந்து நீண்ட நேரம் பார்த்தார். மற்றக் கண்ணையும் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிபோல் பிரசவ அறைக்குக் கஷ்டமான பிரசவத்தோடு ஒரு தாய் வந்தாள், பிள்ளை குறுக்காக. டொக்டரும் மற்றத் தாதியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வாட்டில் நானும், பையோடு பொன்னம்மாக்காவும். அந்த நேரம் பார்த்து அருளம்பலம் வந்தார். பின்னால் நாகேசு. அவருக்குப் பின்னால் வாசலில் நான்கு பேர், கழற்றிய கதவுப் பலகை ஒன்றோடு.

"பிள்ளை, காணும்," என்றார் அருளம்பலம். குரலில் கோபம் இல்லை. "கண்மணி நிண்டிட்டுதெண்டு கேள்விப்பட்டனான். உயிர் போன உடம்புக்கு நாலு பேர் மாறி மாறிக் காத்தடிச்சுக்கொண்டு நிக்கிறது நல்லாயில்லை. வீட்டை கொண்டுபோவம்."

"டொக்டர் உள்ளுக்கு நிக்கிறா. அவ வரட்டும்."

"அவ வந்து என்ன சொல்லப்போறா? தெரியாது எண்டு சொல்லுவா. மூண்டு நாளாப் பிள்ளையள் ஒழுங்காச் சாப்பிடேல்லை."

நாகேசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னம்மாக்கா அமுக்கியபடி என்னைப் பார்த்தார். எண்ணிக்கை நிற்கவில்லை, ஆனால் பார்வையில் கேள்வி இருந்தது. உண்மையைச் சொன்னால், அருளம்பலம் சொன்னதைத்தான் நானும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். துணிவால் நான் மறுக்கவில்லை. நிறுத்தச் சொல்லி எனக்கு ஒருவரும் கட்டளை தரவில்லை, அவ்வளவுதான்.

"டொக்டர் சொல்லாமல் நான் நிப்பாட்ட ஏலாது, அண்ணை," என்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் இராசமணியின் மணிக்கட்டைப் பிடித்தேன். சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். எண்பத்து நாலு. காலையிலும் அதுதான்.

அருளம்பலம் நாகேசுவின் தோளில் கை வைத்தார். "நீ யோசியாதை. மூத்ததுகள் ரெண்டும் மாமன் வீட்டிலை நிக்கட்டும். சின்னவளை நான் என்னோடை கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்கை அண்ணி பாத்துக்கொள்ளுவா."

என் விரலுக்குக் கீழே நாடி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு ஓடத் துவங்கியது. எண்பத்து நாலாக இருந்தது நூற்றுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. நான் மணிக்கூட்டைப் பிழையாகப் பார்க்கிறேன் என்று நினைத்து மற்ற மணிக்கட்டைப் பிடித்தேன். அங்கேயும் அதுதான்.

"அண்ணை, இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"எதை?"

"சின்னப்பிள்ளையைப் பற்றி."

"ஏன்? கடைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டனான்."

"உங்கடை விரலை இஞ்சை வையுங்கோ. நாகேசண்ணை, நீங்கள் கிட்ட வாங்கோ. சின்னவளை ஒருத்தரும் கொண்டுபோகேல்லை எண்டு சொல்லுங்கோ. அவவின்ரை காதுக்கை சொல்லுங்கோ."

நாகேசு குனிந்தார். அவள் காதோடு வாயை வைத்தார். "இராசம், பிள்ளையள் மூண்டும் என்னோடைதான் நிக்கினம். ஒருத்தரும் ஓரிடமும் போகேல்லை. நீ வா."

அருளம்பலத்தின் விரல் மணிக்கட்டில் இருந்தது. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. வேகம் மெல்ல மெல்ல இறங்கி வருவதை அவரும் எண்ணியிருக்கவேண்டும். அந்தப் பெரிய மனிதர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, என்ரை பிள்ளை," என்றார். "நான் சொன்னது முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்தனியோ."

பலகையோடு நின்றவர்கள் போய்விட்டார்கள். பிரசவ அறையிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. டொக்டர் வெளியே வந்தபோது அருளம்பலம்தான் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். "பிறகு?" என்றார் டொக்டர். "பிறகு நூற்றுப் பதினெட்டிலிருந்து தொண்ணூறுக்கு வந்தது" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைக் கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள் காற்று விழுந்து வள்ளம் வந்தது. அன்று காலையில் இடது புருவம் அசைந்திருந்தது. இந்த அலையில் குழாயோடு கொண்டுபோவதைவிட இங்கேயே வைத்திருப்பது நல்லது என்று டொக்டர் முடிவெடுத்தார். அது சரியான முடிவா என்று அன்று எனக்குச் சந்தேகம். இன்றும் அதை யாராவது என்னிடம் கேட்டால் உறுதியாகச் சொல்லமாட்டேன். அன்று மாலை பெருவிரல், மறுநாள் கை. ஆறாம் நாள் பின்னேரம் பைக்குள் ஒரு சின்ன இழுவை தெரிந்தது. நான் அமுக்காமலே அது கொஞ்சம் சுருங்கியது. அவளுடைய மூச்சு. நான் கையை எடுக்கப் பயந்து, அவளோடு சேர்ந்து சேர்ந்து அமுக்கினேன். ஏழாம் நாள் குழாயை எடுத்தோம்.

குரல் வர இன்னும் இரண்டு நாள் சென்றது. வந்ததும் முதலில் மாட்டிக்கொண்டவர் பொன்னம்மாக்கா.

"அக்கா, நான் ரெண்டு முருங்கைக்காய்தான் பிடுங்கினனான். பத்து இல்லை."

பொன்னம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, கேட்டனியே? இனி மரத்தையே வெட்டிக்கொண்டு போ, மோனை."

டொக்டர் அடுத்த வருடம் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். நரம்பு நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பைகளைப் பற்றித்தான் படிக்கப் போனார் என்று சொன்னார்கள். போகுமுன், சுவாசம் நின்றவர்களைப் பராமரிக்கும் பயிற்சிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்து ஒரு கடிதம் தந்தார். பாராட்டு என்று அவர் எனக்குத் தந்தது அது ஒன்றுதான். அந்த நேரம் கலியாணம் பேசி முடிந்திருந்தது. கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தேன், பிறகு மகள் பிறந்தபோது வேலையையும் விட்டேன். என் மகளைப் பார்க்கும்போது அது பிழை என்று சொல்ல வாய் வராது. சரி என்றும் சொல்ல வரவில்லை.

சுகந்தி, உங்கள் வாட்டில் இயந்திரம் வருவது நல்லது. அது களைக்காது, முறை மாறாது. அருளம்பலத்தைப் போல ஒருவர் பலகையோடு வந்தால் அதற்கு மனம் தளராது. ஆனால் புதுப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லும். அசையாமல் கிடப்பவரின் கட்டிலடிக்குப் போகும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இது எனக்கு இராசமணி சொல்லித் தந்தது.

வீட்டுக்குப் போகும் நாள் காலை அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். அவள்தான் கதைத்தாள்.

"கை மாறேக்கைதான் மிஸி எனக்குப் பயம். ஒராள் விட்டு மற்றாள் பிடிக்க முந்தி ஒரு கணம் காத்து வராது. இனி வராதோ எண்டு கிடப்பன். ஆர் பிடிக்கினம் எண்டு காத்து வாற விதத்திலை தெரிஞ்சிடும். நாகேசர் நடுங்கி நடுங்கி அமுக்குவார். டொக்டர் மணிக்கூடு மாதிரி. உங்கடை கை வந்தால் மெல்லமா வரும், முடிவிலை கொஞ்சம் பொறுத்து நிக்கும். உங்கடை கை எண்டு தெரிஞ்ச உடனை நான் நித்திரை கொண்டிடுவன்."

என் கை பின்னலில் நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் சந்தோசமாக வீட்டுக்குப் போகும் நாள். ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு ஏலவில்லை.

"இராசமணி, நீங்கள் வந்த அண்டைக்கு நான்தான் உங்களை வாங்கிலை இருத்தினனான். பாம்பெண்டு யோசிக்கேல்லை. வயித்து மருந்து குடுத்திட்டு அரை மணித்தியாலம் திரும்பிப் பார்க்கேல்லை."

"அது எனக்குத் தெரியும்தானே," என்றாள் அவள், கண்ணாடியைக் கையில் திருப்பிக்கொண்டு. "முதல் நாளே நீங்கள் டொக்டரிட்டைச் சொல்லேக்கை நான் கேட்டுக்கொண்டெல்லோ கிடந்தனான். பின்னலை இறுக்கிப் பின்னுங்கோ, மிஸி. சைக்கிளிலை போகேக்கை அவிழ்ந்திடும்."

மகளுக்குக் காய்ச்சல் காயும்போது, கொடுத்த மருந்து சரியா, பிந்திவிட்டேனா என்று நான் பதறும் நாட்களில் அந்தக் காலை நினைவுக்கு வரும். என் பிழையை முதல் நாளே முழுக்கக் கேட்டுவிட்டு, ஆறு நாளும் என் கைக்குள் நித்திரை கொண்ட ஒருத்தி இருந்தாள். அந்தக் கட்டிலடிக்குத் திரும்பவும் போய் நிற்கவேண்டும் போலிருக்கிறது.